லீவரில் பொறித்திருக்கும் எண் புல்லின் உயரம் அல்ல

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றை வாங்கி இரண்டு பருவம் முழுக்க ஓட்டிவிட்டேன். எஞ்சினிலும் இருக்கையிலும் எனக்குக் குறை இல்லை. நான் எழுத வந்தது வெட்டு உயரத்தை மாற்றும் லீவரைப் பற்றி. புல்வெளி பச்சையாக இருப்பதும் காய்ந்து போவதும் பெரும்பாலும் அந்தப் பிடியைப் பொறுத்துத்தான்.

லீவருக்கு ஏழு பள்ளங்கள். சுருள்வில் தாங்குவதால், கத்திகள் சுழலும் கனமான அடித்தட்டு ஒரு கையால் இழுத்தாலே மேலே வந்துவிடுகிறது. தோள்வலிக்காரனான எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் முதல் நாளே புல்வெளியைப் பாழாக்கினேன். மூன்றாம் எண் என்றால் 3 அங்குலம் என்று நம்பி ஓட்டினேன். வலப்பக்கம் முழுவதும் மண் தெரிய மழித்துப் போட்டது. அது வெறும் வரிசை எண். மூன்றாம் பள்ளம் 2 அங்குலம்தான், 3 அங்குலத்துக்கு ஐந்தாம் பள்ளம். இந்த அட்டவணையைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். லீவருக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்க வேண்டாமா?

ஒரு பக்கம் மட்டும் மழிந்ததற்குக் காரணம் வேறு. வலப் பின் டயரில் காற்று குறைந்திருந்தது. வண்டி சாய்ந்தால் அடித்தட்டும் சாயும். நான்கு டயர்களிலும் சரியான காற்று இல்லாமல் வேறு எதை அளந்தாலும் வீண். காற்றடித்த பிறகும் 8 மில்லிமீட்டர் சரிவு மிஞ்சியது. சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, கனத்த கையுறை போட்டுக்கொண்டேன். கத்திகளைக் குறுக்காகத் திருப்பி, இரு ஓரங்களிலும் கத்தி முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன். அடித்தட்டைத் தூக்கிப் பிடிக்கும் இணைப்புக் கம்பியில் உள்ள நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் இரண்டும் சமமாகிவிடும். முன்பின் அளவில் மட்டும் சமம் கூடாது. முன்முனை 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பின்முனை தாழ்ந்தால் வெட்டிய புல்லையே கத்தி மறுபடி வெட்டும், எஞ்சின் திணறும். உங்கள் மாடலுக்கான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் அடித்தட்டின் சிறு சக்கரங்கள் மீதுதான். மேடு வரும்போது கத்தி மண்ணைச் செதுக்காமல் காப்பவை அவை. ஓடும்போது தரையைத் தொடாமல் ஒரு விரல் கனம் மேலே நிற்க வேண்டும். லீவரை மாற்றினால் இவை தாமாக மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஸ்பேனரோடு மண்டியிட்டு, நான்கு போல்ட்டுகளைக் கழற்றி வேறு துளையில் மாட்ட வேண்டும். இழுத்துச் செருகும் ஊசி ஒன்று வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. சோம்பல்பட்டு ஒருமுறை அப்படியே விட்டேன்; தட்டின் பாரம் முழுவதும் சக்கரங்கள் மேல் இறங்கி, ஈர மண்ணில் தடம் பதிந்துவிட்டது.

இப்போது ஐந்தாம் பள்ளத்தைவிட்டு நான் இறங்குவதே இல்லை. மழைக்குப் பிறகு புல் 6 அங்குலம் வளர்ந்துவிட்டால் முதலில் ஏழாம் பள்ளத்தில் 4 அங்குலம், சில நாள் கழித்து 3. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் புல் தாங்காது.

இந்த வண்டியை வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வந்த அன்றே புல்லில் இறக்காதீர்கள், முதலில் அளவு நாடாவை எடுங்கள்.