நெல் கொள்வனவுப் பதிவு: சொந்தச் சங்கிலியா, எதீரியம் ரோலப்பா?

காலபோக அறுவடையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாச் சங்கங்கள் ஒரே இணையச் செயலியில் நெல் எடையைப் பதிவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றையொன்று முழுதாக நம்பினால் சாதாரண போஸ்ட்கிரஸ் தரவுத்தளமே போதும். நம்பிக்கை போதாத இடத்தில்தான் பிளாக்செயினுக்கு (பலர் பிரதி வைத்திருக்கும், பின்னர் திருத்த அரிய பதிவேட்டுச் சங்கிலிக்கு) வேலை.

சொந்தச் சங்கிலி என்றால், ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் மென்பொருளின், பதிவுகளை வரிசைப்படுத்தும் கணுக்களை (சேவையகங்களை) ராஃப்ட் என்ற பெரும்பான்மை உடன்பாட்டு முறையில் ஊருக்கொன்றாக வைக்கலாம். மூன்றில் ஒன்று மின்வெட்டில் விழுந்தாலும் எழுதலாம். இரண்டு விழுந்தால் எழுத்து நின்றுவிடும். ராஃப்ட் தாங்குவது செயலிழப்பை மட்டுமே, ஏமாற்றும் கணுவை அல்ல. அப்படி ஒன்றைச் சமாளிக்கக் குறைந்தது 4 கணுக்களுடன் பிஎஃப்டி (ஏமாற்றும் கணுவையும் தாங்கும் உடன்பாட்டு) முறை வேண்டும். கணுவைக் கூட்டினால் வேகம் கூடாது. உடன்பாட்டுச் செய்திகள் பெருகுவதால் வேகம் குறையவே செய்யும்.

ரோலப் என்பது பல பரிவர்த்தனைகளைத் தொகுத்து எதீரியம் என்ற பொதுப் பிளாக்செயினில் பதியும் சங்கிலி. அதில் கணுப் பராமரிப்பு இல்லை, கட்டணம் உண்டு. மூட்டைக்கொரு பரிவர்த்தனை எழுதாதீர்கள். 1024 பதிவுகளின் ஹாஷ்களை (தரவின் கைரேகை போன்ற குறுங்குறியீடுகளை) இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போய் மெர்க்கிள் மரமாக்கி, உச்சியில் எஞ்சும் 32 பைட் வேரை மட்டும் எழுதுங்கள். ஒரு பதிவை நிரூபிக்க 10 ஹாஷ், அதாவது 320 பைட் போதும். வேரிலிருந்து பதிவை மீட்க முடியாது, எனவே மூலப்பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள். கட்டணம் குறைந்த ஒரு பரிவர்த்தனை சிக்கினால் அதே கணக்கின் அடுத்தவை எல்லாம் காத்து நிற்கும். அதே நொன்ஸில் (கணக்கின் பரிவர்த்தனை வரிசை எண்ணில்) கூடிய கட்டணத்துடன் திரும்ப அனுப்புங்கள்.

இரவில் சேவையகம் பார்க்க ஆளில்லாத சங்கங்களுக்கு ரோலப்தான் எங்கள் தேர்வு. ஆனால் எதிலும் கமக்காரரின் அடையாள அட்டை இலக்கத்தை வெறும் ஹாஷாக எழுதவே கூடாது: சாத்தியமான இலக்கங்களை எல்லாம் ஓட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பதிவுக்கொரு 16 பைட் எழுமாற்று எண்ணைச் சேர்த்து ஹாஷ் செய்து, அந்த எண்ணைச் சங்கிலிக்கு வெளியே வையுங்கள்.