பீப்பாயிலேயே வாங்குவதா, பாட்டில் வந்த பிறகா? போர்தோ ஒயினும் ஒரு வீட்டுக் கணக்கும்

மாந்தோப்பு குத்தகை எடுப்பவர்களுக்கு இந்த வியாபாரம் சட்டென்று பிடிபட்டுவிடும். மரத்தில் பூ மட்டும் இருக்கும்போதே காய்ப்பை மனக்கணக்கு போட்டு விலை பேசி முடிப்பார்கள். பிரான்ஸின் போர்தோவிலும் ஒரு காலத்தில் கொடியில் தொங்கும் திராட்சைக்கே, பறிக்கும் முன்பே, வியாபாரிகள் விலை பேசியிருக்கிறார்கள். இப்போது அவ்வளவு முன்னால் போவதில்லை. அறுவடை முடிந்து ஆறேழு மாதம் கழித்து, ஒயின் ஓக் பீப்பாயில் கிடக்கும்போதே விற்கிறார்கள். இந்த முறைக்கு ஆன் பிரிமர் என்று பெயர். முழுப் பணமும் இன்றைக்கு. பாட்டில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து.

2011 கோடையில் லண்டனில் ஒரு கடையில் நானும் இப்படிப் பணம் கட்டினேன். சேன் ஜூலியன் ஊரின் பெயர் பெற்ற தோட்டம் ஒன்று, 2010ஆம் ஆண்டு அறுவடை, ஒரு பெட்டி. கையில் வந்தது ரசீது மட்டும்.

"காசு போயிடுச்சு, சாமான் எங்கங்க?" என்றாள் மனைவி.

"2013ல வரும்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஐந்து வருஷம் கழித்து அதே ஒயின், அதே அறுவடை, அதே கடையின் விலைப்பட்டியலில் நான் கொடுத்ததைவிடக் குறைவாக இருந்தது. அன்றிலிருந்துதான் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்: பீப்பாயில் இருக்கும்போதே வாங்குவது, பாட்டிலில் அடைத்துக் கடைக்கு வந்ததும் வாங்குவது, பத்துப் பதினைந்து வருஷம் முதிர்ந்த பிறகு யாரோ பாதுகாத்து வைத்திருந்ததை வாங்குவது.

முதல் வழி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில் உலகத்தின் ஒயின் விமர்சகர்களும் வியாபாரிகளும் போர்தோவில் கூடுகிறார்கள். பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரி ஒயினை ஊற்றித் தருவார்கள். கண்ணாடிக் கோப்பையில் அது நாவல்பழச் சாறு மாதிரி இருக்கும். விளிம்பு வரை ஊதா. வாயில் வைத்தால் துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுக்கும். பத்துக் கோப்பை ருசித்துத் துப்பியதும் பல்லெல்லாம் கறுத்துவிடும். இதை வைத்து, இருபது வருஷம் கழித்து இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். அதனால்தான் விமர்சகர்களும் ஒரே எண்ணாகப் போடாமல் நூற்றுக்கு 94-96 என்று இடைவெளி விட்டு மதிப்பெண் தருகிறார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த மாதிரியைத் தயாரிப்பவர் விற்பவரேதான். அதில் மோசடி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை; பெண் பார்க்க வரும் நாளில் வீட்டை எப்படி வைத்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

ருசி முடிந்ததும் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விலையை வெளியிடும். தோட்டத்திலிருந்து சரக்கு நேராக நம் கடைக்கு வராது. நடுவில் 2 சதவீதத் தரகு வாங்கும் தரகர், அவருக்கு அடுத்து மொத்த வியாபாரி, அப்புறம் இறக்குமதி செய்யும் கடை. மொத்த வியாபாரி ஒரு வருஷம் 'வேண்டாம்' என்றால் அடுத்த வருஷம் அவர் பங்கு இன்னொருவருக்குப் போய்விடலாம். நல்ல வருஷத்துச் சரக்குக்காக, சுமாரான வருஷத்தையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அந்தச் சுமாரான சரக்கு விற்காமல் தேங்கி, பின்னால் தள்ளுபடியில் வருவதுதான் இரண்டாம் வழிக்காரர்களுக்கு யோகம்.

பீப்பாயிலேயே வாங்கியவர்கள் ஜெயித்த கதைகள் எல்லோருக்கும் மனப்பாடம். 1982 அறுவடையை ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க விமர்சகர் தூக்கிப் பிடித்தார். வேறு சிலர் சந்தேகப்பட்டார்கள். அவரை நம்பிச் சில நூறு பவுண்டுக்கு லஃபீத் தோட்டத்து ஒயின் ஒரு பெட்டி வாங்கியவர்களிடம் இருப்பது இன்று பல்லாயிரம் பவுண்டு பெறும். 2008 அறுவடை, உலக நிதி நெருக்கடிக்கு நடுவே 2009இல் மலிவாக வந்தது. 2010 அக்டோபரில், அந்த 2008 அறுவடையின் லஃபீத் பாட்டிலில் சீன எழுத்தில் எட்டு என்ற எண்ணைப் பொறிக்கப் போவதாக அறிவித்தார்கள். சீனர்களுக்கு எட்டு அதிர்ஷ்ட எண். விலை விண்ணுக்குப் போனது. 2019 அறுவடையும் கொரோனா ஊரடங்கில் விற்பனைக்கு வந்ததால் விலையைக் கணிசமாகக் குறைத்தே வெளியிட்டார்கள்.

மூன்றிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. விலை வெளியான நேரத்தில் வாங்குகிறவனுக்குத் தயக்கம், அல்லது விற்கிறவனுக்குப் பயம். ஊரே கொண்டாடிய வருஷத்தில், ஊரே வரிசையில் நின்றபோது வாங்கியவன் நிலைமை வேறு. 2010 அறுவடை விலை உச்சத்தில் வந்தது. 2011 நடுவில் சந்தை சரிய ஆரம்பித்தது. அந்த வரிசையில் நானும் நின்றேன் என்பதைத்தான் மேலே சொன்னேன். இதைவிடக் கசப்பானது 1972: சுமாரான ஒயினுக்கு ஆகாச விலை வைத்தார்கள், அடுத்த இரண்டு வருஷத்தில், எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, போர்தோ சந்தையே படுத்துவிட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பாட்டில் 60 பவுண்டு, ஆறு பாட்டில் பெட்டி 360 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இந்த விலையில் வரி சேராது. ஒயின் சுங்கக் கிடங்கில் இருக்கும்வரை பிரிட்டனில் சுங்கத் தீர்வையும் 20 சதவீத வாட் வரியும் கட்ட வேண்டாம், வெளியே எடுக்கும் நாளில் கட்டினால் போதும். புதிதாக வருபவர்கள் இதைக் கவனிக்காமல் விலை மலிவு என்று ஏமாறுவார்கள். ஒயின் கிடங்குக்கு வர இரண்டு வருஷம், குடிக்கப் பக்குவமாக இன்னொரு பத்து வருஷம். அந்த 360 பவுண்டு வருஷம் 5 சதவீத வட்டியில் இருந்திருந்தால் பன்னிரண்டு வருஷத்தில் 646 ஆகியிருக்கும். கிடங்கு வாடகை பெட்டிக்கு வருஷம் 15 பவுண்டு என்று போட்டாலும் பத்து வருஷத்துக்கு 150. மொத்தம் 796. ஒரு பாட்டில் 133 பவுண்டு அடக்கம். அதாவது, 60 பவுண்டுக்கு வாங்கிய ஒயின் பன்னிரண்டு வருஷம் கழித்து, வரி சேர்க்காமல், 100 பவுண்டுக்கு விற்றால், 'ஆஹா, 40 பவுண்டு லாபம்' என்று நாம் சொல்லிக்கொள்வோம். உண்மையில் 33 பவுண்டு நஷ்டம்.

இரண்டாம் வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டிலில் அடைத்த ஒயினை விமர்சகர்கள் மறுபடி ருசித்து உறுதியான மதிப்பெண் தந்திருப்பார்கள். கடையில் ஒரு பாட்டில் வாங்கி நாமே திறந்து பார்த்துவிட்டுப் பெட்டியைப் பேசலாம். இரண்டு வருஷ வட்டி மிச்சம். சாதாரண வருஷங்களில் விலை அப்படியே இருக்கும், சில சமயம் இறங்கியும் இருக்கும். பெரிய தோட்டங்களுக்கு இந்த வழி தாராளமாகப் போதும். லஃபீத் மாதிரி நூறு ஹெக்டேருக்கு மேல் வைத்திருப்பவர்களின் ஒயின் சந்தையிலிருந்து காணாமல் போய்விடாது, காசுதான் வேண்டும்.

சின்னத் தோட்டங்களில்தான் இது கைவிடும். பொம்ரோல் ஊரின் லஃப்ளர் தோட்டம் மொத்தமே நாலரை ஹெக்டேர். லெ பான் அதைவிடச் சின்னது, மூன்று ஹெக்டேர்கூட வராது. அங்கே முதல் கையில் வாங்காதவன் பிறகு ஏலத்தில் அடித்துப்பிடித்துத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாம் வழி எனக்குப் பிடித்தது. அதனால் அதன் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்: பாட்டில் இத்தனை வருஷம் எங்கே, எப்படிக் கிடந்தது என்று தெரியாது. சமையலறை அலமாரியில் பத்து வெயில்காலம் பார்த்த பாட்டிலும், நிலத்தடி அறையில் தூங்கிய பாட்டிலும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒயின் கழுத்துக்குள் நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா? பதினைந்து வயதுப் பாட்டிலில் தோள் வரை இறங்கியிருந்தால் கார்க் கசிகிறது என்று அர்த்தம். மூடித் தகட்டை விரலால் திருகிப் பார்த்தால் லேசாகச் சுழல வேண்டும்; ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தால் உள்ளே ஒழுகிக் காய்ந்திருக்கிறது. கார்க் மேலெழும்பி மூடியைத் தள்ளினால் எங்கோ சூடு பட்டிருக்கிறது. லேபிளில் ஈரக்கறை இருந்தால் பலர் முகம் சுளிப்பார்கள். நான் சந்தோஷப்படுவேன், ஈரமான நிலவறையில் இருந்ததற்கு அதுவே சாட்சி.

போலியும் உண்டு. அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்பவர் சமையலறையில் கலந்து, பழைய லேபிள் ஒட்டி விற்று, 2014இல் பத்து வருஷச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் அவர் குறிவைத்தது பாட்டில் ஆயிரக்கணக்கில் விலைபோகும் அபூர்வங்களை. நூறு பவுண்டு ஒயினுக்கு அந்த அளவு மெனக்கெடுபவர்கள் குறைவு.

அந்தப் பயத்தைச் சொல்லி பீப்பாய் வழிதான் பத்திரம் என்பவர்கள், அதன் பத்திரத்தையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிரீமியர் க்ரூ என்ற கடை, வராத ஒயினுக்கு முன்பணம் வாங்கிக் குவித்து 2016இல் திவாலானது. உரிமையாளர் சிறைக்குப் போனார். முன்பணம் கட்டும்போது நாம் வாங்குவது ஒயினை அல்ல, கடைக்காரரின் வாக்கை. இரண்டு வருஷம் அவர் கடை திறந்திருக்க வேண்டும்.

லாத்தூர் தோட்டம் 2011 அறுவடையோடு ஆன் பிரிமரை விட்டே விலகியது. சரக்கைத் தன் நிலவறையிலேயே வைத்து, குடிக்கப் பக்குவமானதும் விற்கிறது. முதிர்ச்சியில் வரும் லாபத்தை அடுத்தவனுக்கு ஏன் விட வேண்டும் என்ற கணக்கு. வாங்குபவருக்கு, பாட்டில் பிறந்த வீட்டைவிட்டு நகரவே இல்லை என்ற நிம்மதி கிடைக்கும். அதற்கான விலையையும் சேர்த்தே வாங்குவார்கள்.

கடந்த சில வருஷங்களில் தேவை குறைந்து, 2023, 2024 அறுவடைகளுக்கு முதல் வரிசைத் தோட்டங்களே விலையை நன்றாக இறக்கிவிட்டன. அப்படியும் நான் வாங்கவில்லை. அதே தோட்டங்களின் 2014 போன்ற, அதிகம் பேசப்படாத வருஷங்கள் பாட்டிலில், பாதி முதிர்ந்து, கடைகளில் கிடைக்கின்றன. முதலில் அந்த விலையைப் பார்ப்பேன். புது அறுவடை அதைவிடத் தெளிவாக மலிவாக இல்லையென்றால் நகர்ந்துவிடுவேன். சின்னத் தோட்டம் என்றால் மட்டும் விதிவிலக்கு. அதுவும் என் பட்ஜெட்டில் வருவதில்லை.

2010க்குப் பிறகு ஒரே ஒரு முறை பீப்பாயிலேயே வாங்கினேன், அது இன்னொரு காரணத்துக்காக. பாட்டிலில் அடைக்கும் முன் சொல்லிவைத்தால் எந்த அளவில் வேண்டும் என்று நாமே கேட்கலாம்: 375 மில்லி அரை பாட்டில், ஒன்றரை லிட்டர் மேக்னம், அதற்கும் பெரியது. கடைக்கு வந்தபின் மேக்னம் தேடுவது குதிரைக்கொம்பு. பெரிய பாட்டிலில் ஒயின் மெதுவாக முதிரும். மகள் பிறந்தது 2016இல், அறுவடையும் அருமை. 2017இல் மூன்று மேக்னத்துக்குப் பணம் கட்டினேன். அவளுக்கு இருபத்தொன்று ஆகும்போது திறக்கலாம் என்று எண்ணம். கிடங்கு வாடகை பில் வருஷா வருஷம் தவறாமல் வருகிறது. மனைவி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறாள்.