சமையல் மஞ்சளா, மாத்திரை மஞ்சளா, பச்சைப் பூண்டா: ஸ்டென்ட் வைத்தவர் வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

கொடுமுடிப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மஞ்சள் பயிரிட்ட என் அப்பாவுக்கு, அறுபத்தேழாவது வயதில், சென்ற ஆண்டு கோவையில் இதய ரத்தக்குழாயில், அது அடைபடாமல் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் ஆகிய இரண்டையும் ஒரு நாளும் விடாமல், குறைந்தது ஓராண்டுக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள், ரத்தம் கட்டாமல் இருக்க உறவினர்கள் சொன்ன யோசனைகள் மூன்று விதமாகத் திரண்டன: உணவில் மஞ்சளைக் கூட்டுவது, மஞ்சளின் வீரியப் பொருளான குர்குமினைத் திரட்டிக் கடையில் விற்கும் மாத்திரையைச் சேர்ப்பது, காலையில் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டைத் தேனில் ஊறவைத்துக் கொடுப்பது. மூன்றும் எங்கள் வீட்டில் நடந்தன. இப்போது முதலாவது மட்டும், அதுவும் கூட்டாமல் பழைய அளவிலேயே, தொடர்கிறது. அந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். டெங்குக் காலத்தில் ‘பிளேட்லெட் குறைந்துவிட்டது’ என்று நாம் பேசுவது எண்ணிக்கையைப் பற்றியது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் பிளேட்லெட்கள், அதாவது தட்டணுக்கள், வரை இருப்பது இயல்பு. இதய நோயாளிக்குக் கவலை எண்ணிக்கையில் இல்லை. இருக்கிற தட்டணுக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு எளிதாக ஒட்டித் திரளுகின்றன என்பதில்தான் இருக்கிறது. மஞ்சளும் பூண்டும் கை வைப்பது இந்தத் திரளும் தன்மையின் மீது.

தட்டணு திரளுவதற்கு த்ராம்பாக்சேன் என்ற பொருளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆஸ்பிரின் அதற்கான நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புதிய நொதியைச் செய்துகொள்ள முடியாது, ஆகவே அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை அது முடங்கியபடியே இருக்கிறது. மஞ்சள் சாறும் மனிதத் தட்டணுக்களில் த்ராம்பாக்சேன் உற்பத்தியைக் குறைத்துத் திரளுவதைத் தடுக்கிறது என்பதை, 1980களில் டென்மார்க்கின் ஒடென்சேயில் கே. சி. ஸ்ரீவஸ்தவா ஆய்வகத்தில் காட்டினார். ‘மஞ்சளே ஆஸ்பிரின்தான்’ என்று என் மாமா சொன்னபோது, அதில் பாதி உண்மை இருக்கத்தான் செய்தது. மீதிப் பாதி அளவைப் பொறுத்தது.

அந்த அளவை ஒரு நாள் உட்கார்ந்து கணக்கிட்டேன். நான்கு பேருள்ள எங்கள் வீட்டில் குழம்பு, ரசம், அரிசிம்பருப்புச் சோறு எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம் மஞ்சள்தூள் செலவாகிறது. ஆளுக்கு முக்கால் கிராம். அதில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்தால் 22 மில்லிகிராம் வருகிறது. குக்கரில் வேகும்போது இதிலும் ஒரு பகுதி அழிகிறது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் சமையல் வெப்பத்தில் குர்குமின் கால் பங்குக்கு மேலிருந்து பாதி வரை இழக்கப்படுவதையும், பிரஷர் குக்கரில்தான் இழப்பு அதிகம் என்பதையும் கண்டிருக்கிறார்கள். உள்ளே போனதும் முழுதாக ரத்தத்தில் சேர்வதில்லை. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் அது அகப்படவே இல்லை அல்லது மிகச் சொற்பமாகவே இருந்தது. ஆகவே சமையல் மஞ்சள் அப்பாவின் தட்டணுக்களை அசைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. அதனாலேயே அதை நான் தேர்ந்தெடுத்தேன் என்பது முரணாகத் தோன்றலாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

மாத்திரையின் கதை வேறு. அப்பாவுக்கு மாப்பிள்ளை வாங்கி வந்த டப்பாவில், ஒரு மாத்திரையில் 95 சதவீதம் குர்குமின் உள்ள மஞ்சள் சாறு 500 மில்லிகிராமும் மிளகிலுள்ள பைப்பரின் 5 மில்லிகிராமும் இருந்தன. குர்குமின் கணக்கில் ஒரே மாத்திரை எங்கள் சமையலில் ஆளுக்கு வருவதைப் போல இருபது மடங்குக்கு மேல். பைப்பரினைச் சேர்ப்பதற்குக் காரணம் அதே பெங்களூரு ஆய்வுதான்: 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்ந்தபோது உடல் ஏற்கும் குர்குமின் 2000 சதவீதம் உயர்ந்தது. எங்கள் மிளகு ரசத்திலும் பைப்பரின் இருக்கிறது, மாத்திரையில் உள்ளதைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் அங்கே அது உயர்த்துவதற்குப் போதிய குர்குமின் இல்லை. தவிர, பைப்பரின் குடலிலும் ஈரலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுத்து, வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றக்கூடியது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டு வந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கியபின், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் அவருடைய ஐ.என்.ஆர். அளவு பத்தைத் தாண்டியது என்று நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் எச்சரித்தது. அடுத்த ஆண்டு இத்தாலியில் இத்தகைய மாத்திரைகளோடு தொடர்புடைய ஈரல் அழற்சிகள் பதிவாயின.

பச்சைப் பூண்டை நான் இலேசாக எண்ணியிருந்தேன். அது என் தவறு. பூண்டை நசுக்கும்போது உருவாகும் அல்லிசினிலிருந்து வரும் அஜோயீன், தட்டணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடத்திலேயே குறுக்கிடுகிறது. 1990இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், மிகுதியாகப் பூண்டு தின்றுவந்த எண்பத்தேழு வயது முதியவருக்கு முதுகுத்தண்டில் தானாகவே ரத்தக்கசிவு ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது. முழுப் பல்லாகக் கொதிக்கும் குழம்பில் போட்டால் அல்லிசினை உண்டாக்கும் நொதி வெந்துவிடுவதால் இந்தச் சக்தி பெரும்பாலும் போய்விடுகிறது. பூண்டுக் குழம்பும் நசுக்கிய பச்சைப் பூண்டும் ஒரே பொருளல்ல என்பதை அப்பாவுக்குப் புரியவைக்கவே எனக்குச் சில நாட்கள் ஆயின.

ஸ்டென்ட் வைத்த ஐந்தாம் மாதத்தில் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. பஞ்சை மாற்றி மாற்றி அழுத்தியும் மாலைவரை ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. கடைசியில் தையல் போட்டார்கள். பல் மருத்துவர், எழுதிக்கொடுத்த மருந்துகளைத் தவிர வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, ‘வேற மருந்தெல்லாம் இல்லீங்க, பூண்டுதானுங்க, அப்புறம் நம்ம மஞ்சள் மாத்திரை’ என்றார் அப்பா. மருந்தின் பட்டியலில் அவற்றைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். சாதாரணமாக ரத்தக்கசிவு பயமுறுத்தினால் மருந்தை நிறுத்தலாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தன்போக்கில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்தாகலாம், ஆகவே பல் பிடுங்குவதற்குக்கூட அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டணுக்கள் திரளும் வழிகளில் ஆஸ்பிரின் ஒரு வாசலையும் குளோபிடோக்ரல் இன்னொரு வாசலையும் அளந்து மூடியிருக்கின்றன. அதன்மேல் மூன்றாவதாக எதைச் சேர்த்தாலும், அது அளக்க முடிந்ததாகவோ, அசைக்க முடியாத அளவுக்குச் சிறியதாகவோ இருந்தாக வேண்டும். பூண்டுப் பல் இன்று பெரிது, நாளை சிறிது. நசுக்கி எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். அறுவை சிகிச்சைக்கு ஏழு நாள் முன்பே பூண்டு மாத்திரைகளை நிறுத்தச் சொல்வது மயக்க மருத்துவர்களின் வழக்கம். அவசரமாக அறுவை செய்ய நேர்ந்தால் அந்த ஏழு நாளுக்கு எங்கே போவது? சமையல் மஞ்சளுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. அதன் விளைவு சிறியதாக இருப்பதையே நான் அதன் பலமாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து இன்னொரு பல்லைப் பிடுங்கினார்கள். அப்போது பூண்டும் மாத்திரையும் இல்லை. அரை மணி நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் அது முன்பல், ஒரே வேருள்ளது. இரண்டையும் வைத்து நான் எதையும் நிரூபித்துவிட முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஞ்சியை இதய நோயாளிகளிடம் சோதித்தபோது, தினம் 4 கிராம் தூள் தட்டணுக்களை மாற்றவில்லை, ஒரே வேளையில் 10 கிராம் கொடுத்தபோது மாற்றியது; எங்கள் இஞ்சித் துவையல் அந்த அளவை எட்டாது. சின்ன வெங்காயத்தைச் சமையலில் நிறுத்த யாரும் சொல்லவில்லை. மீன் எண்ணெய் மாத்திரை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. அதை ஒப்பிட எனக்கு அனுபவம் போதாது.

அப்பா இப்போதும் சொந்தத் தோட்டத்து விரலி மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மில்லில் அரைத்ததையே சாப்பிடுகிறார். மருத்துவக் கோப்பின் முதல் தாளில், இரண்டு மருந்துகளுக்குக் கீழே, ‘பூண்டு: வெந்தது மட்டும், மஞ்சள்: சமையலில் மட்டும்’ என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.