ஆடிட்டர் கொடுத்த ஒரு தாள்: 2017 முதல் இன்றுவரை

திருநெல்வேலியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, ஆடிட்டர் ஒரு தாளில் ஏழெட்டுப் பழக்கங்களை எழுதிக் கொடுத்து, "இதை மட்டும் விட்டுராதீங்க" என்றார். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் அதற்கு முன்பே கடையில் இருந்தது. மாதக் கடைசியில் பில்களை மொத்தமாகக் கொட்டும் பெட்டி, அவ்வளவுதான்.

அந்தத் தாளில் முதலில் இருந்தது கல்லா. ஷட்டரை இறக்கும் முன் நோட்டு வாரியாக எண்ணி, டேலி காட்டும் ரொக்க இருப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. முதல் மூன்று மாதம் ஒரு நாளும் ஒத்து வரவில்லை. டீக்காசு, ஆட்டோ வாடகை, இறக்குகூலி என்று சீட்டே இல்லாமல் போன காசு. கல்லாவுக்குள்ளேயே ஒரு குட்டி நோட்டையும் பேனாவையும் கட்டிவிட்ட பிறகுதான் வழிக்கு வந்தது.

ஒரு ராத்திரி 630 ரூபாய் குறைந்தது. முன்பென்றால் காரணம் தெரியாத தொகையைப் போடும் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது பழைய கணக்குப்பிள்ளைகளின் சூத்திரம். தேடினேன். 7,180 ரூபாய் வரவை 7,810 என்று அடித்திருந்தேன்!

தாளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது 2பி, அதாவது சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல். மாதம் 14ஆம் தேதி போர்ட்டலில் வரும், 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போட வேண்டும். நடுவில் உட்கார்ந்து கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறேன். 2022 ஜனவரியிலிருந்து அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி, அதாவது கொள்முதலில் நாங்கள் கொடுத்த வரி, எடுத்துக் கழிக்க முடியாது. ஒருமுறை குழாய் சப்ளையர் ஒருவர் எங்கள் பில்லைச் சில்லறை விற்பனையோடு சேர்த்துக் காட்டிவிட்டார். 18,000 ரூபாய் வரி எங்கள் பக்கம் வரவேயில்லை. அவர் திருத்தம் போடும்வரை அந்தத் தொகையை அவருக்குத் தரவேண்டிய பாக்கியில் நிறுத்தி வைத்தோம். அதிலிருந்து கடை முதலாளி அண்ணாச்சியே "டூ பி பாத்தாச்சா?" என்று கேட்கிறார்.

பேங்க் ஸ்டேட்மென்ட் ஒத்துப் பார்ப்பது தாளில் மாதம் ஒருமுறை. யுபிஐயில் நாற்பதும் ஐம்பதுமாக வர ஆரம்பித்த பிறகு அது ஆகாது என்று திங்கள்தோறும் மாற்றிக்கொண்டேன்.

கைவிட்டதும் உண்டு. எல்லா வவுச்சரையும் பிரிண்ட் எடுப்பது ஆறு மாதத்தில் நின்றது. வாரம் ஒருமுறை முழுச் சரக்கையும் எண்ணச் சொன்னார். ஆணியையும் ஸ்க்ரூவையும் யார் எண்ணுவது? விலை கூடிய சாமான் மட்டும், நாளுக்கு ஒரு ராக்.

இன்னும் படியாதது ஒன்றுதான், அண்ணாச்சி வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணம். குட்டி நோட்டை அவர் தொடுவதே இல்லை.

"ரெண்டாயிரமா மூவாயிரமா, எவ்வளவு எடுத்தீங்க அண்ணாச்சி?"

"நீதான் தெனமும் எண்ணுதியே, எவ்வளவு குறையுதோ அதான்டே."