எல்லாம் திரும்பி வந்தது, பிரிண்டரைத் தவிர

துலாவர்ஷ (ஐப்பசி மழைக்கால) இடிக்கு என் கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டி போய்ச் சேர்ந்த சேதி கேட்டு, வேலந்தாவளத்து நண்பர் போன் செய்தார். "நிக்ஸ்ஓஎஸ் நிக்ஸ்ஓஎஸ்னு சொல்லிட்டே இருப்பீங்களே, இப்பவாச்சும் உதவுச்சுங்களா? நானும் போடலாங்களா?"

உதவியது. நிக்ஸ்ஓஎஸ் ஒரு லினக்ஸ் வகை; சிஸ்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அதைப் பார்த்து அப்படியே கட்டிக் கொடுக்கும். புது எஸ்எஸ்டி மாட்டி, பார்ட்டிஷன் பிரித்து, ஹார்டுவேர் கோப்பை மட்டும் புதிதாக உருவாக்கினேன். டிஸ்க் மாறினால் பார்ட்டிஷன்களின் அடையாள எண்ணான யுயுஐடியும் மாறிவிடும். மற்றபடி, கோப்புகளைப் பதிப்பு பதிப்பாகச் சேமித்து வைக்கும் கிட்டில் (git) கிடந்த அதே கான்ஃபிகரேஷன்.நிக்ஸ் கோப்புதான். இன்ஸ்டால் கட்டளையைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வந்து பார்த்தால் சிவப்பு எழுத்தில் 'ஹாஷ் மிஸ்மேட்ச்'. அதாவது, இறக்கிய கோப்பின் கைரேகை (ஹாஷ்) நான் எழுதி வைத்ததோடு பொருந்தவில்லை. என் பிரிண்டருக்கு நிக்ஸ் களஞ்சியத்தில் டிரைவர் கிடையாது. கம்பெனிக்காரர்கள் உபுண்டு, டெபியன் லினக்ஸ்களுக்காகத் தரும் டெப் கோப்பை இறக்கி, பிரித்து, பேட்ச் செய்து சேர்க்க நானே ஒரு டெரிவேஷன் (நிக்ஸுக்கான செய்முறைக் குறிப்பு) எழுதியிருந்தேன். அதே லிங்க், அதே பெயர், அதே பதிப்பு எண். உள்ளே இருக்கும் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான், ஒரு பிரிண்டர் டிரைவருக்காக மொத்த சிஸ்டமும் கட்டமாட்டேன் என்று நின்றுவிட்டது.

டிரைவரைச் சேர்க்கும் வரியைக் கண்டுகொள்ளாமல் விடும்படி அதற்கு முன்னால் ஒரு # போட்டு மறுபடி ஓட்டினேன். ரீபூட் ஆனதும் தமிழ்99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகைகள், இரண்டு மொழிக்குமான எழுத்துருக்கள், எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஒரே கல்யாணப் பத்திரிகையை இரண்டு மொழியிலும் அடித்துக் கொடுக்கிறவனுக்கு இது சாதாரண விஷயமா? உபுண்டு காலத்தில் இதற்கே ஒரு பகல் போகும். (போட்டோக்கள், புக்மார்க் எல்லாம் இதில் வராது, அதற்குத் தனியே பேக்கப் வேண்டும்.)

ஆனால் அடித்த பத்திரிகையை அச்செடுக்க வேண்டுமே! டெப் கோப்பை நேரடியாகவும் போட முடியாது. அது தன் ஃபில்டரை (பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் நிரலை) கொண்டுபோய் வைக்கும் யுஎஸ்ஆர்-லிப் கோப்புறை இங்கே இல்லவே இல்லை, இருந்தாலும் இங்குள்ள கப்ஸ் (அச்சு வேலையைக் கவனிக்கும் மென்பொருள்) அங்கே எட்டிப் பார்க்காது. கடைசியில் அண்ணன் மகனின் உபுண்டு லேப்டாப்பில்தான் அச்செடுத்தேன். அதுவும் அவன் சிரித்த சிரிப்போடு.

நியாயமாகப் பார்த்தால் நிக்ஸ் மேல் குற்றமில்லை. 2003-ல் ஈல்கோ டோல்ஸ்ட்ரா உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாகத் தொடங்கியதன் அடிப்படையே, உள்ளே போவது மாறாவிட்டால் வெளியே வருவதும் மாறாது என்பதுதான். மாறிப்போன கோப்பை வாங்க மறுத்தது சரியே. சரிதான், ஆனால் மண்டபத்துக்காரர் வாசலில் நிற்கும்போது யாருக்கு வேண்டும் அந்தச் சரி? மறுநாள் புது ஹாஷை ஒட்டி வேலையை முடித்தேன். டெப் கோப்பும் இப்போது கிட்டிலேயே இருக்கிறது.

நான் இதை விடுவதாக இல்லை. மாற்றினால் பிரிண்டரைத்தான் மாற்றுவேன். நீங்கள் போடாதீங்க, டெபியன் போதும். பிரிண்டர் வாங்குவதாக இருந்தால் மட்டும், டிரைவரே கேட்காத ஐபிபி எவ்ரிவேர் மாடலாகப் பார்த்து வாங்குங்க.