பரிசோதனையா, 90 நாள் தனிப்பெட்டியா?

வீட்டில் ஏற்கெனவே இரண்டு பால் பைதான்கள் (ball python, பந்து போலச் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு). மூன்றாவது வந்தபோது என் முன்னால் இரண்டு வழிகள். நோய் இருக்கிறதா என்று அறிய வாயில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, ‘நெகட்டிவ்’ வந்ததும் மற்றவற்றோடு வைத்துவிடலாம். இல்லையென்றால் வேறு அறையில் 90 நாள் தனியாக வைத்துப் பார்க்கலாம். நான் எடுத்தது இரண்டாவது வழி.

பரிசோதனையில் வேகம் உண்டு, மறுக்கவில்லை. பால் பைதான்களின் மூச்சுக்குழாயைத் தாக்கும் நிடோவைரஸை 2014-இல்தான் அடையாளம் கண்டார்கள். அதைக் கொல்ல மருந்து கிடையாது. அதனால் முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம். ஆனால் அந்த முடிவு, மாதிரி எடுத்த நாளுக்கு மட்டும்தான் சாட்சி. போன வாரம் தொற்றியது இன்றைய மாதிரியில் சிக்காமல் போகலாம். பாம்பின் வயிற்றைத் தாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாகக் கிரிப்டோ) எச்சத்தில் விட்டு விட்டுத்தான் வெளியேறும். ஒருமுறை தென்படவில்லை என்பதற்காகப் பாம்பு சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. அதோடு, எதைத் தேடச் சொல்கிறோமோ அதைத்தான் ஆய்வகமும் தேடும்.

நாட்கள் அப்படியில்லை. 90 நாளில் பாம்பு பலமுறை இரை எடுக்கும், எச்சம் போடும், சட்டை உரிக்கும். எடுத்த இரையைக் கக்குகிறதா, நடு உடம்பு வீங்குகிறதா என்று பார்த்தால் கிரிப்டோ சந்தேகம் வரும். வாயில் நுரை, தலையைத் தூக்கி வைத்து மூச்சு விடுவது என்றால் மூச்சுத் தொற்று.

என் விஷயத்தில் வந்தது இதெல்லாம் இல்லை, உண்ணி. தனிப்பெட்டியில் தேங்காய் நார் போடாமல் வெள்ளை டிஷ்யூ விரித்திருந்தேன், பதுங்க ஒரு அட்டைப்பெட்டி. 11-ஆம் நாள் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு எழவே இல்லை. டிஷ்யூவில் பேனா முனையால் வைத்தது போல நாலைந்து கறுப்புப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால் ஒன்று நகர்கிறது. கிண்ணத்தின் அடியில் மூழ்கிச் செத்தவை இன்னும் சில. வைரஸ் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால், நெகட்டிவ் சான்றிதழோடு உண்ணியும் மற்ற இரண்டு பெட்டிகளுக்குக் குடிபோயிருக்கும். உண்ணி நோய்களைச் சுமந்து போகும் என்ற சந்தேகம் வேறு இருக்கிறது. சிகிச்சை முடிந்து கடைசி உண்ணியைப் பார்த்த நாளிலிருந்து எண்ணிக்கையை மறுபடி ஒன்றில் தொடங்கினேன். அதன் முட்டை வளர்ந்து மறுமுட்டை இடவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை.

இடுக்கி, கிண்ணம் எல்லாம் தனி. புதுப் பாம்பை எப்போதும் கடைசியாகத்தான் கவனிக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இதில் சறுக்கினால் 90 நாளும் வெறும் கணக்கு. கிரிப்டோ என்றால் பிளீச்சுக்கும் அசையாது.

போவா என்கிற வேறு வகைப் பாம்புக்கு என் வழி செல்லாது. ஐபிடி என்கிற வைரஸ் நோயைப் போவாக்கள் அறிகுறியே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கும்; பைதான்களில் அது நரம்பைத் தாக்கிச் சீக்கிரமே முடித்துவிடும். போவா வளர்த்த அனுபவம் எனக்கில்லை. வாங்கினால் தனிப்பெட்டியோடு ரத்தப் பரிசோதனையும் நிச்சயம் செய்வேன், அதுவும் ஒருமுறையோடு விடமாட்டேன்.

இப்போது 64-ஆம் நாள். நேற்றுச் சட்டையை ஒரே துண்டாக உரித்துவிட்டது. 80-ஐத் தாண்டியதும் வாய் மாதிரி எடுத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன்.