"டேட்டா போச்சு" என்றார்கள், போகவில்லை: டிஸ்க் குரூப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெரிட்டாஸ் வால்யூம் மேனேஜரில் (பல டிஸ்குகளை ஒரு 'டிஸ்க் குரூப்'பாகச் சேர்த்து, அதை 'வால்யூம்' என்ற பகுதிகளாகப் பிரித்துத் தரும் மென்பொருள்) சர்வர் ஓட்டுகிறவர்கள், குறிப்பாகப் பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டு விட்டிருக்கிறவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அது தனியாக நடக்கிற விவகாரம்.

ஓர் இரவு மின்சாரம் போய் வந்தது. ஸ்டோரேஜ் பெட்டியும் சர்வரும் வெவ்வேறு நேரத்தில் எழுந்தன. டிஸ்க் குரூப்பை இம்போர்ட் செய்ய, அதாவது சர்வரில் பயன்பாட்டுக்குக் கொண்டுவரப் போனால், செல்லுபடியாகும் கான்ஃபிகரேஷன் (குரூப்பின் அமைப்பு விவரம்) பிரதி எதுவும் இல்லை என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி. மொத்தம் 12 டிஸ்குகள், 4 வால்யூம்கள். ஒன்றில் பல வருடமாக ஸ்கேன் செய்து சேர்த்த பழைய ஆவணங்கள். கை நடுங்கியது. ஒப்பந்த நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் போன் போட்டேன்.

அவர்கள் வருவதற்குள் நான் செய்த ஒரே நல்ல காரியம், 'விஎக்ஸ்டிஸ்க்' கட்டளையில் எல்லாக் குரூப்பையும் காட்டும் பட்டியலைப் போட்டு, அந்தத் திரையை மொபைலில் படம் எடுத்து வைத்தது. 12 டிஸ்கும் 'ஆன்லைன்' என்றே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கள் குரூப்பின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தது. அதன் அர்த்தம் அன்றிரவு எனக்குப் புரியவில்லை. டிஸ்குகளின் ஹெடர் (டிஸ்கின் அடையாளம் எழுதியிருக்கும் பகுதி) நல்லபடியாக இருக்கிறது, தான் எந்தக் குரூப்பைச் சேர்ந்தவன் என்று ஒவ்வொரு டிஸ்கும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது, கெட்டுப்போனது கான்ஃபிகரேஷன் பிரதிகள் மட்டும்தான் என்று அர்த்தம்.

வந்த இன்ஜினியர் அந்தப் பட்டியலைப் பார்க்கவே இல்லை. கால் மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "கான்ஃபிகரேஷன் கரப்ட் ஆயிடுச்சு சார். டேட்டாவும் போச்சு. குரூப்பைப் புதுசா கட்டிடறேன், டேட்டாவை எங்க லேப்ல முயற்சி பண்ணிப் பார்க்கலாம்" என்றார். அந்த வாக்கியத்தின் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி பொய். நான் இரண்டையும் நம்பித் தலையாட்டினேன்.

ஏன் பொய் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்திருந்தால் அவரை அங்கேயே நிறுத்தியிருப்பேன். வால்யூம் மேனேஜர் ஒவ்வொரு டிஸ்கையும் இரண்டாகப் பிரித்து வைக்கிறது. பிரைவேட் ரீஜன் என்கிற சின்னப் பகுதியில் ஹெடரும் கான்ஃபிகரேஷனும் இருக்கும். எந்த வால்யூம் எந்த டிஸ்கில் எந்த இடத்தில் தொடங்கி எவ்வளவு தூரம் போகிறது என்கிற வரைபடம் அது. பப்ளிக் ரீஜன் என்கிற பெரிய பகுதியில்தான் நம் டேட்டா இருக்கும். வரைபடம் கிழிந்தால் வீடு இடிந்துவிடாது. அதே அளவுகளோடு வரைபடத்தைத் திரும்ப வரைந்தால் வால்யூம்கள் இருந்த இடத்திலேயே கிடைக்கும்.

அந்த வரைபடத்தின் நகலும் சர்வரிலேயே இருக்கிறது! குரூப்பின் கான்ஃபிகரேஷன் மாறும்போதெல்லாம் 'விஎக்ஸ்கான்ஃபிக்பேக்கப்டி' என்கிற டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) தானாகவே ஒரு பேக்கப் எடுத்து, 'ஈடிசி'க்குள் 'விஎக்ஸ்', அதற்குள் 'சிபிஆர்', அதற்குள் 'பிகே' என்ற டைரக்டரியில் போட்டு வைக்கிறது. குரூப் விவரம், டிஸ்க் விவரம், பைனரி வடிவில் கான்ஃபிகரேஷன், படிக்கக்கூடிய வடிவில் அதன் பதிவுகள் என நான்கு கோப்புகள். டிஸ்க் விவரக் கோப்பில் பிரைவேட், பப்ளிக் பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்பதுகூட இருக்கும்.

'விஎக்ஸ்கான்ஃபிக்ரீஸ்டோர்' என்ற கட்டளைக்கு 'மைனஸ் பி' (-p) கொடுத்தால், அந்த நகலிலிருந்து குரூப்பைத் தற்காலிகமாக எழுப்பிப் படிக்க மட்டும் தரும். 'விஎக்ஸ்பிரிண்ட்' போட்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். சரி என்றால் 'மைனஸ் சி' போட்டு உறுதி செய்யலாம், தப்பு என்று தோன்றினால் 'மைனஸ் டி' (-d) போட்டுக் கைவிடலாம். திரும்பிப் போக வழி வைத்துச் செய்திருக்கிறார்கள். முதலில் தொட வேண்டியது இதைத்தான்.

அவர் செய்தது வேறு. 12 டிஸ்குகளிலும், டிஸ்கைப் புதிதாகத் தயார் செய்யும் 'விஎக்ஸ்டிஸ்க்செட்அப்' கட்டளையை ஓட்டினார். அதே பெயரில் புதுக் குரூப் தொடங்கினார். அதில் ஒரு வால்யூம் உருவாக்கி, புது ஃபைல் சிஸ்டம் எழுதும் 'எம்கேஎஃப்எஸ்' அடித்து, மவுண்ட் செய்து (பயன்படுத்தத் திறந்து), ஒரு டெஸ்ட் ஃபைலைக் காப்பி செய்து "ஹார்டுவேர் ஓகே சார்" என்று காட்டினார். முதல் இரண்டு வேலைகளோடு நின்றிருந்தால்கூட டேட்டா தப்பியிருக்கும். அந்த எம்கேஎஃப்எஸ்தான் பப்ளிக் பகுதிக்குள் கை வைத்தது.

அடுத்த மூன்று நாளும் "எங்க லேப் தொலைவிலிருந்து வேலை பார்க்குது, செக்டர் செக்டரா ஸ்கேன் ஓடுது" என்றே பதில் வந்தது. மூன்றாம் நாள் மாலை 3 வால்யூம்கள் வந்தன. அழுதுவிடுவேன் போல இருந்தது, கைகூப்பி நன்றி சொன்னேன். நான்காவதும் மவுண்ட் ஆனது. உள்ளே போய்ப் பார்த்தால் புது ஃபைல் சிஸ்டத்தில் தானாக வரும் 'லாஸ்ட் ஃபவுண்ட்' டைரக்டரியும் அந்த இன்ஜினியரின் டெஸ்ட் ஃபைலும் மட்டும் இருந்தன. ஆவணங்கள் இருந்த வால்யூம் அதுதான். "மின்தடையில் அந்தப் பகுதி மட்டும் அழிஞ்சிருக்கு" என்று எழுத்தில் கொடுத்தார்கள். கூடவே மூன்று நாள் ஆய்வக மீட்புக்குத் தனியாக ஒரு பில்.

டெஸ்ட் ஃபைல் எப்படி என் பழைய வால்யூமுக்குள் வந்தது? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. பேக்கப் டைரக்டரியை அப்போதுதான் முதல்முறையாகத் திறந்தேன். எங்கள் குரூப் பெயரில் ஒன்றுக்கு இரண்டு டைரக்டரிகள். பெயருக்குப் பின்னால் குரூப்பின் ஐடி ஒட்டியிருக்கும். அது ஒரு 10 இலக்க எண்ணில் தொடங்கும். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிக் கணக்கு அது, குரூப் உருவான நேரம். ஒன்றைத் தேதியாக மாற்றினால் நாங்கள் சர்வர் வாங்கிய வருடம் வந்தது. மற்றொன்று, அந்த இன்ஜினியர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே இரவு.

அப்புறம் 'சிஎம்டிலாக்' கோப்பைப் பார்த்தேன். வால்யூம் மேனேஜர் கட்டளைகளை நேரத்தோடு குறித்து வைக்கும் கோப்பு அது. டிஸ்க் செட்அப் 12 முறை, புதுக் குரூப், புது வால்யூம், எல்லாம் நிமிடக் கணக்கோடு இருந்தன. அந்தப் புது வால்யூம் என் பழைய வால்யூம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ரூட் (சர்வர் நிர்வாகி) பயனரின் ஷெல் ஹிஸ்டரியில், அதாவது அடித்த கட்டளைகளின் பட்டியலில், எம்கேஎஃப்எஸ்ஸும் இருந்தது, 'விஎக்ஸ்கான்ஃபிக்ரீஸ்டோர்' இரண்டு வரிகளும் இருந்தன: ஒரு மைனஸ் பி, ஒரு மைனஸ் சி. இரண்டுக்கும் நடுவே 11 நிமிடம். மூன்று நாள் ஆய்வக வேலை என்று பில் போட்டது இந்த 11 நிமிடத்துக்கு. என் சர்வரில் சும்மா இருந்த என் நகலை வைத்து.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. இம்போர்ட் ஆகவில்லை என்றால் யாரையும் இனிட், செட்அப், எம்கேஎஃப்எஸ் என்று எதையும் ஓட்ட விடாதீர்கள். டிஸ்குகள் எல்லாம் தெரிகின்றனவா, கேபிளோ மல்டிபாத்தோ (ஒரே டிஸ்குக்குப் பல வழிகளில் போகும் இணைப்பு) தகராறா, வேறு சர்வரின் பூட்டு மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பேக்கப் டைரக்டரியை வேறு இயந்திரத்துக்குக் காப்பி செய்த பிறகே அடுத்த கட்டளை. ரீஸ்டோர் செய்யும்போது குரூப் பெயரைக் கொடுக்காமல் ஐடியைக் கொடுக்கச் சொல்லுங்கள், எங்களுக்கு ஆனதுபோல ஒரே பெயரில் இரண்டு இருக்கலாம். நகலின் தேதியையும் பாருங்கள்: அதற்குப் பிறகு வால்யூமைப் பெரிதாக்கியிருந்தால் பழைய வரைபடம் தப்பான இடத்தைக் காட்டும்.

லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் எல்விஎம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். 'ஈடிசி'க்குள் 'எல்விஎம்', அதில் 'பேக்கப்', 'ஆர்கைவ்' என்று இரண்டு டைரக்டரிகளில் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாக நகல்கள் இருக்கும், 'விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர்' அவற்றைப் படித்துக்கொள்ளும்.

வெரிட்டாஸின் இந்த நகல் ரூட் டிஸ்கில் (சர்வரின் சிஸ்டம் டிஸ்கில்) இருக்கிறது, அந்த டிஸ்க் போனால் இதுவும் போகும். அதனால் 'விஎக்ஸ்கான்ஃபிக்பேக்கப்' கட்டளைக்கு 'மைனஸ் எல்' கொடுத்து வேறொரு டைரக்டரியில் எடுத்து, அதை வேறு சர்வருக்கு அனுப்புகிறேன், வாராவாரம். டேட்டா பேக்கப் தனி, இது அதற்கு மாற்று இல்லை.

பில்லைக் கட்டவில்லை. இரண்டு ஐடிகளின் தேதியையும் லாக் வரிகளையும் இணைத்துக் கடிதம் அனுப்பியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. ஆவணங்களின் காகிதப் பிரதிகள் பாதிக்குமேல் கிடைத்துவிட்டன. இரண்டு பேர் காலையிலிருந்து உட்கார்ந்து திரும்ப ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார்கள்.